மூத்த சித்தியின் குரல்

பல்வலி என்று யாராவது சொன்னால் நான் மூன்று கேள்வி கேட்பேன். எச்சில் விழுங்க முடிகிறதா? வாயில் இரண்டு விரல் நுழைகிறதா? தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கியிருக்கிறதா? இதற்காகத் தோழிகள் நீங்களெல்லாம் என்னை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு கிண்டல் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்த மனிதரை வாயைத் திறக்கச் சொன்னேன். மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவாம். என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இருக்கட்டும். நம் வயதில் புதிதாகப் போவதற்கு மானம் என்ன மிச்சம் இருக்கிறது? அந்த மனிதர் மறுநாளே பல் டாக்டரிடம் போனார், அதைச் சொல்லுங்கள்.

ஏன் இப்படி ஆனேன் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லக் கூடாத காரணம் ஒன்று இருந்தது. போன வருஷத்தோடு அது இல்லாமல் போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பா என்னை ஆத்தூரிலிருந்து கூட்டிவந்து, திண்டுக்கல்லில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். சித்தப்பா புளி மண்டி வைத்திருந்தார். அது புளிக்காலம். நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லோடு வந்ததும், ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி மாதிரிக்கு வீட்டு அடுப்படிக்கு அனுப்புவார்கள். வீட்டு மருமகள் அதை மென்று பார்த்து, புளிப்பு எவ்வளவு, பழசு கலந்திருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதை வைத்துத்தான் சித்தப்பா சரக்கைத் தரம் பிரிப்பார். காலையில் வெறும் வயிற்றில் பத்துப் பன்னிரண்டு மாதிரி. சித்தி அதை மென்று துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். புளிப்புக்காக மூடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். சித்தப்பா, சித்தி, அத்தை. அத்தை என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். கணவர் போனபின் தம்பி வீட்டுக்கு வந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். சித்தி ஆயக்குடிப் பெண், கொய்யாத் தோப்புக்காரர் மகள். கல்யாணமாகி வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. காக்காய்க்குச் சோறு வைத்தால்கூட 'வாங்க, சாப்பிடுங்க' என்று கூப்பிடுவாள். "எதுக்கெடுத்தாலும் ங்க போட்டு ராகம் இழுக்குறா," என்று அத்தைக்கு எரிச்சல்.

நாலாவதாக ஒருத்தியும் அங்கே இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூத்த சித்தி, சித்தப்பாவின் முதல் மனைவி. அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பொன்னுக்கு வீங்கி முற்றிப்போய் இறந்தாள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். காதுக்குக் கீழே வீங்குமே, நமக்கெல்லாம் வேப்பிலை அரைத்துப் பூசிக் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு உட்கார வைப்பார்களே, அதுதான். அவளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அவளுடைய தட்டும் தம்ளரும் அலமாரியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். ஒருநாள் தெரியாமல் அந்தத் தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டேன். அத்தை பிடுங்கிக் கழுவித் துடைத்து மறுபடியும் கவிழ்த்து வைத்தாள். "அவ பொருளைத் தொடாத. தொட்டா அவ வந்துருவா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது. உப்பு எடுத்து வா என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

சித்தியிடம் எப்போதும் கிராம்பு வாசம் அடித்தது. முதலில் அது ஆயக்குடிக்காரர்களின் வாசம் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், இடது கன்னத்துக்குள் எந்நேரமும் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருந்தாள். தீர்ந்துபோனால் ஜாடைகாட்டி என்னைக் கடைக்கு அனுப்புவாள். ஒரு மத்தியானம் அத்தை கண்ணயர்ந்த நேரம் பார்த்து, "வளையல் வாங்கப் போலாம் வா கண்ணு," என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வளையல் கடையைத் தாண்டிப் போனோம். பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் வாடை மூக்கில் ஏறும் இடம் வரைக்கும் போனோம். ஒரு சந்து முனையில் பல்செட் கட்டுகிற பாயின் கடை. வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வெள்ளை மாவுக்கட்டில் வார்த்த தாடைகள், ரோஸ் நிற ஈறுகள், வரிசை வரிசையாகப் பற்கள். ஒரு முகம் கிடையாது, சிரிப்பு மட்டும் இருந்தது. நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் வயதானவர். குச்சி முனையில் இருந்த சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் குச்சியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாக லேசாகத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பல்லைத் தட்டியதும் சித்தி என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் உடைந்தது.

"எத்தனை நாளா வலிக்குது தாயி?"

"ஒரு மாசமிருக்குமுங்க."

"வீட்டுல சொன்னியா?"

சித்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே பிடுங்கிப் போடுங்க பாய்," என்றாள்.

"நான் செட்டு கட்டுறவன் தாயி. ஆடுற பல்லுன்னா எடுத்துருவேன். இது ஆடல. வேருல சீழ் வச்சிருக்கு. நான் கை வச்சா தப்பாப் போயிரும். பெரியாஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். போக மாட்டாள் என்று பாய்க்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி விரலை மடக்கினார். "பாப்பா, நீயும் கேட்டுக்க. தாடைக்குக் கீழ வீங்கிக் கழுத்துக்கு இறங்குச்சுன்னா ஒண்ணு. வாய்க்குள்ள ரெண்டு விரல் போகலேன்னா ரெண்டு. எச்சி முழுங்க முடியாம வழிஞ்சா மூணு. இதுல எது வந்தாலும் நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒத்தடம் கித்தடம் கொடுக்கக் கூடாது."

திரும்பும் வழியில், ஒரு மூடிய கடையின் படியில் சித்தி என்னை நிறுத்தினாள். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு. பொண்ணு பார்க்க வந்தப்போ உங்க அத்தை என்ன கேட்டாங்க தெரியுமா? 'மொத ஒருத்தி சீக்குல போயிட்டா, இன்னொரு சீக்காளிய எங்க தலையில கட்டிராதீங்க'ன்னாங்க. ஒரு கோளாறும் இல்லீங்கன்னு எங்கப்பா சொல்லிப்போட்டாரு. இப்பப் போயிச் சொன்னா, பொய் சொல்லிக் கட்டிக் கொடுத்தீங்கன்னு ஊருக்கு அனுப்பிப்போடுவாங்க." என் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "என் தலைமேல சத்தியம் பண்ணு. சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். தலையிலடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குரியவர் செத்துப்போவார் என்பதில் நம் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. உங்களுக்கு இருந்ததா? எனக்கு இல்லை.

நாலு நாள் கழித்துச் சித்தியின் இடது தாடைக்குக் கீழே வீங்கியது. நான் மனதுக்குள் ஒண்ணு என்றேன்.

அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாள். "பொன்னுக்கு வீங்கி." சொல்லிவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூத்தவளுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். இந்தத் தடவை விடக் கூடாது என்று அவளுக்கு வெறி. வேப்பிலை அரைத்துப் பூசினாள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். சித்தியின் கழுத்தில் கிடந்த சங்கிலி மெலிசாக இருந்தது, வீக்கத்தில் படவில்லை. "கழுத்தோட ஒட்டுற பொன்னு வேணும்," என்று பெட்டியைத் திறந்து ஓர் அட்டிகையை எடுத்து வந்தாள். சிவப்புக் கல் பதித்த, கழுத்தைக் கவ்விப் பிடிக்கிற பழைய அட்டிகை. மூத்த சித்தியுடையது.

"அவ பொருளாச்சே அத்தை," என்றேன்.

"பொன்னுக்கு என்னடி தோஷம்," என்றாள். ஆனால் கொக்கியை மாட்டும்போது குலசாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டாள். இதே கை மூத்தவளுக்கும் இதே அட்டிகையைத்தான் மாட்டியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் வீக்கம் கழுத்தின் மறுபக்கத்துக்கும் போய்விட்டது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் பார்த்தபோது வாய் திறக்கவில்லை. ரெண்டு. பிறகு கடைவாயில் எச்சில் நூலாக இறங்க ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது. மூணு. மூன்றும் வந்துவிட்டன. நான் அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, சொன்னால் சித்தி செத்துப்போவாள், சொல்லாவிட்டாலும் செத்துப்போவாள் என்று மாற்றி மாற்றி நினைத்தேன். இன்றைக்கும் என்னைக் கேட்டால் அந்த ஒரு நாளுக்காக என்னை நான் மன்னிக்கவில்லை. ஒன்பது வயதுதானே என்று ஆறுதல் சொல்லாதீர்கள்.

அன்று உச்சி வெயிலில்தான் அது நடந்தது. வீடு முழுக்கப் புளி வாடை. முற்றத்து ஓரத்தில் தூணில் சாய்ந்து சித்தி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் படுக்கவே இல்லை. படு படு என்றாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. அத்தை கஞ்சித் தம்ளரோடு கிட்டே போய்க் குனிந்தாள். சித்தி தன் கழுத்தைத் தொட்டு, "கழட்டு," என்றாள்.

அது சித்தியின் குரல் இல்லை. பானைக்குள்ளிருந்து பேசுவதைப் போல, தடித்து, ஈரமாக, அடியிலிருந்து வந்தது. எனக்குக் கை ரோமம் எழுந்து நின்றது. அத்தை கையிலிருந்த தம்ளர் விழுந்து கஞ்சி கொட்டியது. அத்தை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தப்பா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"கழட்டு," என்றது மறுபடியும் அந்தக் குரல்.

"அவ குரல்தான் தம்பி," என்றாள் அத்தை. "கடைசியில அவ பேசுன அதே பேச்சு. அதே சொல்லு. அவ அட்டிகைய இவளுக்குப் போட்டேன்ல, கேட்டு வந்துட்டா."

காக்காயிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவள் அத்தையைப் பார்த்துக் 'கழட்டு' என்றால் அது யாராக இருக்க முடியும்? அவர்களுக்கு அதில் ஒரு கேள்வியும் மிச்சம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் இருக்கவில்லை. பாய் மடக்கிய மூன்று விரலையும் மறந்துவிட்டு நானும் அவளைப் பார்த்துப் பயந்தேன். அட்டிகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் போகிற இடத்துக்கு இவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், முறைப்படி கேட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அத்தை கோடாங்கிக்கு ஆள் சொல்லிவிடப் போனாள். சித்தப்பா மெல்ல வந்து சித்திக்கு எதிரே, எட்டித் தொட முடியாத தூரத்தில் குந்தினார். தூணுக்குப் பின்னால் நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

"நீயா?" என்று கேட்டார்.

சித்தியின் தலை மேலும் கீழும் ஆடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். சித்தப்பா இரண்டு கையையும் கூப்பினார். "அன்னிக்கு வேணும்னு செய்யல," என்றார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம். இவள விட்டுரு. என்னய எடுத்துக்க." எதிரே எச்சில் வழிய ஒருத்தி மூச்சுக்கு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அவளிடம், அவளை விட்டுவிடச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன், அந்த மத்தியானத்தைப் போல நான் எதையும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். திருநீறு பூசிய நெற்றி, சாந்தமான முகம். உடுக்கைச் சத்தம் ஏற ஏறச் சித்தி இன்னும் நிமிர்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்தாள். உதடு நாவல்பழம் தின்றவள் உதட்டைப் போல் இருந்தது. அட்டிகையைச் சுற்றிச் சதை பிதுங்கி, கல்லே கண்ணுக்குத் தெரியவில்லை. "நீ யாரு? என்ன வேணும்?" என்று கோடாங்கி கேட்டதற்குக் காற்று மட்டும்தான் வந்தது.

"படுக்க வைங்க," என்றார் கோடாங்கி. "படுக்க வச்சுத் தண்ணி தெளிக்கணும்."

சித்தப்பா தோளைப் பிடித்தார். சித்தி திமிறினாள். எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம், சித்தப்பாவைத் தள்ளிவிட்டாள். "பாத்தியா, மனுசப் பலமா இது?" என்றாள் அத்தை. தள்ளிவிட்ட வேகத்தில் சித்தியின் பார்வை என் மேல் விழுந்தது. அந்தக் கண்ணில் மூத்த சித்தி இல்லை. கடைப்படியில் என் கையை எடுத்துத் தலையில் வைத்தவள்தான் இருந்தாள்.

ஓடினேன். செருப்பில்லாமல், தார் உருகுகிற ரோட்டில், பேகம்பூர் வரைக்கும் ஓடினேன்.

பாய் ஏதோ அராவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? சொல்லவில்லை. காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, வாய் திறக்கவில்லை என்று விரலை உதட்டில் இடித்துக் காட்டினேன். எச்சிலைக் கூட்டி மோவாய் வழியாக வழியவிட்டேன். இரண்டு கையாலும் என் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இறுக்கினேன். பிறகு ஓவென்று அழுதேன்.

பாய் அரத்தைக் கீழே போட்டார். கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சைக்கிளின் முன்கம்பியில் என்னைத் தூக்கி வைத்தார்.

வாசலில் அத்தை மறித்தாள். "இது எங்க வீட்டு விஷயம் பாய். நீங்க எதுக்கு வாரீக?"

"செத்த நேரம் வழி விடுக்கா. மூணே கேள்வி. அப்புறம் நீங்க பாத்துக்கங்க."

சித்திக்கு எதிரே மண்டியிட்டார். "தாயி, எச்சி முழுங்கு." அவள் தொண்டை அசைந்து நின்றுவிட்டது. "வாயைத் திற." ஒரு விரல்கூட நுழையவில்லை. "நாக்கை நீட்டு." பல்லிடுக்கில் நாக்கு முட்டிக்கொண்டு நின்றது, வெளியே வரவில்லை. பாய் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நல்லாப் பாரு தம்பி. நாக்குக்கு அடியில வீங்கி, நாக்கையே மேல தூக்கிருச்சு. இதுல குரலே மாறிப்போயிரும், சொல்லும் முழுசா வராது. கடைவாய்ப் பல்லுச் சீழ் கழுத்துக்கு இறங்கிருச்சு. படுக்க வச்சீன்னா மூச்சு நின்னுரும். உக்கார வச்சே தூக்கு."

"அப்ப அவ வரலியா?" என்றார் சித்தப்பா.

"எவ?"

பாய் இடுப்பிலிருந்து குறடு உருவினார். பொன்னை அறுக்கக் கூடாது என்று அத்தை கத்திக்கொண்டிருக்கும்போதே, சதைக்குள் புதைந்த கொக்கியைத் தேடிப் பிடித்து அறுத்தார். சித்தியின் கழுத்தைச் சுற்றிக் கல் பதிந்த பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. அவள் விட்ட மூச்சின் சத்தத்தில் அத்தை வாயை மூடினாள். சொல்லவேண்டியதைச் சொல்ல வேண்டும், சித்தியின் மறுபக்கத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கியவர் அந்தக் கோடாங்கிதான். புளி ஏற்றுகிற வேனின் முன்சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் கோணி மேல் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று வழி முழுக்கச் சாமியிடம் கணக்கு ஒப்பித்துக்கொண்டு போனேன்.

பெரியாஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லையும் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். "பிழைச்சுக்குவாங்க," என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தை பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சித்தப்பா டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது வந்தா, குரல் இப்படி மாறுமாங்க?"

"மாறும்."

"எச்சி வழியுமா?"

"வழியும்."

"படுக்க மாட்டேன்னு சொல்லுவாங்களா?"

"படுத்தா மூச்சு அடைக்கும். அதனால உட்கார்ந்தே இருப்பாங்க. ஏன் கேக்குறீங்க?"

"என் மொதப் பொண்டாட்டி," என்றார் சித்தப்பா. "அவளும் படுக்க மாட்டேன்னு உக்காந்திருந்தா. மூணு நாளாத் தூங்கல. படுத்தாச் சரியாயிரும்னு நெனச்சோம். நானும் எங்கக்காவும் மண்டி ஆளுக ரெண்டு பேரும் சேந்து அமுக்கிப் படுக்க வச்சோம். கழட்டு கழட்டுன்னு திமிறினா. விடல. செத்த நேரத்துல அடங்கிட்டா. தூங்கிட்டான்னு நெனச்சு நான் பக்கத்துல உக்காந்து விசிறிவிட்டுக்கிட்டு இருந்தேன்."

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "அவங்களுக்குப் பல்வலி இருந்துச்சா?"

"தெரியலங்க. நான் கேக்கல."

அத்தை அந்த வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவள் பேசியது ஒரே வாக்கியம்தான். "அப்பல்லாம் யாருக்குடி தெரியும்." அதை அவள் கோபமாகச் சொல்லுவாள், கெஞ்சலாகவும் சொல்லுவாள். எனக்கு அவள் மேல் இன்னும் ஆத்திரம் உண்டு. ஆனால் அந்த மூன்று நாளும் சித்தியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்ததும் அவள்தான்.

சித்தி பிழைத்தாள். கழுத்தில் ஓட்டை போட்டதாலோ என்னவோ, குரல் மட்டும் திரும்பவில்லை. அந்தத் தடித்த குரலே அவளுக்கு நிலைத்துவிட்டது. அந்தக் குரலிலேயே 'வாங்க', 'சாப்பிடுங்க' எல்லாம் வந்தன. அவள் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் சித்தப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். எழுந்துபோய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "என்ன?" என்பார். வீட்டில் புளி மாதிரி பார்க்கிற வழக்கத்தை அந்த வாரமே நிறுத்தினார். மூத்த சித்தியும் அந்த வீட்டில் இரண்டு புளிக்காலம் பல் கரையக் கரைய மாதிரி மென்று பார்த்தவள்தான் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது. பாவிகளா, இரண்டு பேரிடமும் ஒரு தடவைகூட யாரும் வாயைக் காட்டச் சொல்லவில்லையே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சித்தப்பா படுக்கவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, உட்கார்ந்தேதான் தூங்குவார். முதலில் துக்கம் என்றார்கள், பிறகு முதுகுவலி என்றார்கள், பிறகு பழகிவிட்டது. லீவுக்குப் போகிறபோதெல்லாம் விடிகாலையில் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன், தலை மட்டும் தோளில் சரிந்திருக்கும். காய்ச்சலென்றாலும் கையில் கட்டுப் போட்டிருந்தாலும் அப்படித்தான். சித்தி பக்கத்தில் பாயை விரித்து, அந்தக் குரலில், "படுங்க," என்பாள். தினமும் சொல்லுவாள். "நீ படு," என்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள். ஏன் என்று வெளியாட்கள் கேட்டால் என்ன சொல்வது? அதனால்தான் அவர் இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாதென்று இருந்தேன்.

போன வருஷம் சித்திரையில் சித்தப்பா போனார். சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தார். நான் போய்ச் சேரும்போது உடம்பு விறைத்துவிட்டது. உட்கார்ந்த மேனிக்கே இருந்தார், மடங்கிய இடுப்பு நிமிரவில்லை. வந்திருந்தவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். நேரமாகிறது, வெயில் காலம், நாலு பேர் பிடித்து முட்டியையும் தோளையும் அமுக்கினால் படுத்துவிடுவார் என்று ஒருவர் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் கிட்டே போனார்கள்.

"யாரும் அவரை அமுக்கக் கூடாதுங்க," என்றாள் சித்தி.

அந்தக் குரலை முதல் தடவை கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். "நாளைக்கு எடுத்துக்கலாமுங்க. வெறைப்பு தானா விட்டுப்போடுமுங்க. நான் இருக்கேன்," என்றாள். பாயை விரித்துத் தலைமாட்டில் தலையணையைப் போட்டாள். ஈரத்துணியால் அவர் கையையும் காலையும் ஒற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஆட்கள் முணுமுணுத்தபடி வெளியே போனார்கள். அன்றைக்கெல்லாம் அவள் நகரவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் அவருடைய விரல் முதலில் இளகியது. பிறகு முழங்கை. சித்தி அவர் தோளுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"படுங்க," என்றாள்.

சித்தப்பா மெல்லச் சரிந்து படுத்தார்.